வாய் இருக்கு, காது இல்லை

முன்பு ஒருமுறை பழைய செல்போனை வீட்டுக் கண்காணிப்பு கேமராவாக மாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த மெசேஜ்களில் பாதி, ‘எங்க போன் ஆனே ஆக மாட்டேங்குது, அதையும் கேமரா ஆக்கலாமா?’ ரகம். நடுவில் ஒரு குரல் பதிவு. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் குரல்.

“சார், நான் கொல்லிமலை குண்டூர் நாட்டுல இருந்து பேசறேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கியிருக்கேன். எங்க ஆயாவுக்குக் கண்ணு போயிருச்சு. பட்டனைத் தட்டினா பாட்டு கேக்கற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு குடுக்கலாம்னு பார்த்தேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை போயிருச்சு சார். படம் வருது, பாட்டு ஓடுதுன்னு காட்டுது. சத்தம் மட்டும் வரல. வாரம் பூரா நான் கோயம்புத்தூர்ல வேலைக்குப் போயிடறேன். ஞாயிறு ஒருநாள்தான் கையில இருக்கு.”

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் எனக்கு நாமக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன், மலை ஏறிப் பார்த்துவிடுவதென்று. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மறுநாள் காலையில் அந்தப் பாதையில் போகிறவன் புத்திசாலி கிடையாது. செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐந்து நிமிஷம் ஒரு கல்லில் உட்கார்ந்த பிறகுதான் தம்பியின் பைக்கில் ஏற முடிந்தது.

கொல்லிமலையில் ஊர்ப் பெயரிலேயே நாடு உண்டு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று. மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பலா, காபிச் செடி, இடையிடையே மரவள்ளிக் கிழங்குக் காடு. தம்பி வீட்டுத் திண்ணையில் ஆயா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணழுத்தம். கவனிக்காமல் விட்டதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. எங்கள் காலடிச் சத்தத்துக்கே முகத்தைத் திருப்பினார்.

“யாரு கண்ணு, கூட ஒரு ஆளு வந்திருக்கு?”

“பெட்டி ரிப்பேர் பார்க்கறவங்க, ஆயா.”

அந்த அறிமுகம் எனக்குப் பிடித்திருந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்துதானே நான் இந்தப் பக்கம் வந்தேன்.

ராஸ்பெர்ரி பை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஏடிஎம் கார்டு அளவில், ஒரே பலகையில் அமைந்த முழுக் கம்ப்யூட்டர் அது. பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கினார்கள். 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க் கிடையாது, செல்போனில் போடுகிற மாதிரி ஒரு மெமரி கார்டுதான். மானிட்டர், கீபோர்டு எல்லாம் நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். தம்பியிடம் இருந்தது 2016-ல் வந்த 3-வது தலைமுறைப் பலகை. பழசுதான். ஆனால், பாட்டுப் பெட்டிக்குத் தாராளம்.

உள்ளே ஒரு ஸ்டூலில் எல்லாம் பரப்பி வைத்திருந்தான். ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட மானிட்டர், கீபோர்டு, பழைய டேப் ரெக்கார்டரில் இருந்து பிரித்த ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர் ஒயரில் ஒரு ஹெட்போன் பின்னைச் சுற்றி, நேராகப் பலகையின் ஓட்டையில் சொருகியிருந்தான்.

ரேடியோக் கடையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், சத்தம் வரவில்லை என்றால் பின்னால் இருந்து பார் என்பதுதான். சத்தம் கடைசியாக வெளியே வரும் இடம் ஸ்பீக்கர். முதலில் அது உயிரோடு இருக்கிறதா? டார்ச் லைட் செல் ஒன்றை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் ஒரு கணம் தொட்டேன். ‘டப்’ என்றது. உயிர் இருக்கிறது. தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தான். இந்த ‘டப்’ கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்தது ஆம்ப்ளிஃபயர். அதுதான் அங்கே இல்லவே இல்லை. பலகையில் இருக்கும் ஹெட்போன் ஓட்டை, காதுக்குள் வைக்கிற இயர்போனுக்குத் தேவையான அளவு மின்சாரத்தைத்தான் தரும். டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ள அதற்குப் பலம் போதாது. டேப் ரெக்கார்டரில் அந்த வேலையைச் செய்த பகுதியை இவன் பிரித்துப் போட்டுவிட்டான். என் பையில் பாம் 8403 என்ற சில்லு வைத்த குட்டி ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்று எப்போதும் கிடக்கும். கட்டைவிரல் அளவுதான், விலை நூறு ரூபாய்க்கும் கீழே, செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டே போதும். இதில் ஒரு எச்சரிக்கை: இடது, வலது இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். பழைய ரேடியோக்களில் அப்படிச் செய்வோம், இந்த வகையில் அது சில்லைக் கொன்றுவிடும்.

சால்டர் வைத்து, சார்ஜரை மாட்டி, உள்ளீட்டு ஒயரின் நுனியை விரலால் தொட்டேன். ‘ம்ம்ம்ம்’ என்று ஸ்பீக்கர் முனகியது. திண்ணையில் இருந்து, “மாடு கத்துதா?” என்றார் ஆயா. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டும் சரி. ஆனால், பலகையில் சொருகினால் மறுபடி அமைதி.

இப்போது கம்ப்யூட்டருக்குள் போகலாம். இந்தப் பலகைக்குச் சத்தத்தை வெளியே அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று ஹெட்போன் ஓட்டை, இன்னொன்று மானிட்டருக்குப் படம் போகிற எச்டிஎம்ஐ கேபிள். மானிட்டர் மாட்டியிருந்தால் பல நேரம் சத்தமும் அந்தப் பக்கமே போய்விடும். தம்பியின் மானிட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. பாட்டு ஒழுங்காக ஓடி, ஒழுங்காகப் போய், ஸ்பீக்கர் இல்லாத மானிட்டரில் அடங்கிக்கொண்டிருந்தது. திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும். அதில் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தோம்.

வந்தது. ஒரு சாமி பாட்டு, பாதியில் இருந்து, வீடு அதிர. தம்பியின் அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தார்.

(அப்படியும் வராவிட்டால் ஆல்சாமிக்ஸர் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கம்பம் கம்பமாக ஒலி அளவுகள் தெரியும். கம்பத்தின் அடியில் இரண்டு ‘எம்’ இருந்தால் வாயைக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். கீபோர்டில் ‘எம்’ தட்டினால் திறந்துவிடும். புதிய 5-வது தலைமுறைப் பலகையிலும், ஜீரோ என்ற குட்டிப் பலகையிலும் ஹெட்போன் ஓட்டையே கிடையாது. தேடிக் களைக்க வேண்டாம்.)

பாட்டு வந்ததில் தம்பிக்கு அவ்வளவு சந்தோஷம். பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுபோய் ஆயா பக்கத்தில் வைத்தான். ஆயா ஒரு பாட்டு முழுசாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. நிறுத்து கண்ணு.”

“வேற பாட்டு போடட்டா ஆயா? தமிழ் எழுத்தைக்கூட இது படிச்சுக் காட்டும்” என்று ஒரு செய்தியைப் படிக்கவிட்டான். ஈஸ்பீக் என்ற இலவச மென்பொருளின் குரல் அது. 1995-ல் ஏகார்ன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்காக எழுதத் தொடங்கியது. அந்த ஏகார்னும் கேம்பிரிட்ஜ்தான். இன்று உங்கள் கையில் இருக்கும் போனின் சில்லு வடிவமைப்புக்கும், ராஸ்பெர்ரி பையின் சில்லு வடிவமைப்புக்கும் வேர் அங்கேதான். வம்சம் பெரிசு, குரல்தான் தகரம்.

“இவன் யாருடா, மூக்கை அடைச்சுக்கிட்டுப் பேசறான்?” என்றார் ஆயா. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏந்தம்பி, நான் பேசினா இது கேட்டுக்குமா?”

“கேட்டுக்கணுமா ஆயா?”

“எம் மருமவகிட்ட சொல்றேன், மறந்துபோறா. பேரன்கிட்ட சொல்றேன், அவன் ஊர்ல இருக்கறதே இல்ல. வெதையைப் பத்திச் சொல்லி வெக்கணும். எழுதி வெச்சுக்கன்னா யாரு எழுதறா?”

தம்பியின் அம்மா சிரித்தார். “அத்தைகிட்டதான் சாமை வெதை இருக்குதுங்கண்ணா. நாங்கெல்லாம் குச்சிக்கெழங்குக்குப் போயிட்டோம்.”

ஆயா உள்ளே இருந்து மூன்று சுருக்குப்பைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றிலும் கையை விட்டு, விரல் நடுவே உருட்டி, “இது கட்டவெட்டி, இது மல்லியச் சாமை, இது பெருஞ்சாமை” என்றார். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கண் தெரிகிற தம்பிக்கும் அவன் அம்மாவுக்கும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலமெல்லாம் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறியது ஊரறிந்த கதை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷங்களாக இந்த மலையில் சிறுதானிய விதைகளை ஊரார் கையிலேயே காப்பாற்றும் வேலையைச் செய்திருக்கிறது. அதே நிறுவனம் 1990-களின் கடைசியில் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்களை ஆரம்பித்தது. அதில் வீராம்பட்டினம் மீனவர் கிராமம். கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போடும் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் கம்ப்யூட்டர் திரை முன்னால் வந்து உட்கார மாட்டார். கரையில் வலை பிரித்துக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வார். இணைய வேகமெல்லாம் இன்றைக்குப் பல மடங்கு ஏறிவிட்டது. அந்த ஒலிபெருக்கிக் குழாயை விடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால், அங்கேயும் சேதி கம்ப்யூட்டரில் இருந்து ஊருக்கு வந்தது. ஆயா கேட்டது எதிர்த்திசை. அவருக்குக் கேட்க ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, சொல்லத்தான் இருந்தது.

தம்பி உடனே செல்போன் இயர்போனை எடுத்து, அதில்தான் மைக் இருக்கிறதே என்று பலகையில் சொருகினான். பதிவு செய்தான். போட்டுப் பார்த்தால் வெறும் மௌனம்.

இது பலரும் விழுகிற பள்ளம். இயர்போன் பின்னை உற்றுப் பாருங்கள், கறுப்புக் கோடுகள் அதை நான்கு பகுதியாகப் பிரித்திருக்கும். நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது பொதுத் தரை, நான்காவது மைக். செல்போனில் அப்படி. ராஸ்பெர்ரி பையிலும் அந்த ஓட்டைக்கு நான்கு பகுதிதான். ஆனால், நான்காவது பகுதி பழைய டிவிக்குப் படம் அனுப்புவதற்கு. மைக்கைக் கேட்கும் ஏற்பாடே பலகையில் இல்லை. எந்தத் தலைமுறையிலும் இல்லை.

“அதுக்கு வாய் இருக்கு தம்பி, காது இல்ல” என்றேன்.

திண்ணையில் இருந்து, “எங்க பஞ்சாயத்து மாதிரின்னு சொல்லு” என்றார் ஆயா.

காதை நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். பென் டிரைவ் மாதிரியே இருக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு. இரண்டு ஓட்டை: ஒன்று ஸ்பீக்கருக்கு, ஒன்று மைக்குக்கு. இதற்கு மூன்று பகுதிப் பின் உள்ள மைக் வாங்குங்கள். செல்போனுக்கென்று விற்கும் நான்கு பகுதிக் காலர் மைக் பல கார்டுகளில் வேலை செய்யாது. என் பையில் இரண்டும் இருந்தன. கூடவே ஒரு லாபம்: ஸ்பீக்கரையும் இதிலேயே மாற்றினோம், பாட்டுக்குப் பின்னால் கேட்ட ‘ஸ்ஸ்ஸ்’ பெரும்பாலும் போய்விட்டது. பலகையின் சொந்த ஓட்டையில் வரும் சத்தம், மின்சாரத்தை அசுர வேகத்தில் ஆன், ஆஃப் செய்து உண்டாக்குவது. பல்பை வேகமாக அணைத்து ஏற்றினால் மங்கலாக எரிவதுபோல் தெரியுமே, அந்த வித்தை. செலவு மிச்சம், சுத்தம் குறைவு.

முதல் பதிவில் ஒரு கோளாறு. ஆயா பேச்சை நிறுத்தி யோசிக்கும்போதெல்லாம் பின்னால் இரைச்சல் பொங்கி வந்தது, கூடவே கோழி கொக்கரிப்பும். அமைதியாக இருந்தால் ஒலியைத் தானாகக் கூட்டிவிடும் ஒரு வசதி இந்தக் கார்டுகளில் உண்டு. ஆல்சாமிக்ஸரில் அதை அணைத்ததும் சரியாகிவிட்டது. கோழி மட்டும் இருந்தது.

அந்த அரை நிமிஷப் பதிவை ஆயாவுக்குப் போட்டுக் காட்டினோம். அவர் வாழ்நாளில் தன் குரலைக் கேட்டதில்லையாம். நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் வந்து சேரும், அதனால் கனமாகக் கேட்கும். பதிவில் அது இருக்காது. எல்லோரும் முதல் தடவை, ‘இது நானா?’ என்போம். ஆயா அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கையை அசைக்காமல் இருந்துவிட்டு, “எங்கம்மா பேசறாப்புல இருக்குது” என்றார். தம்பியின் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை, ஆறிப் போயிற்று.

பிறகு வேலை வேகமாக நடந்தது. வீட்டு காலிங் பெல் சுவிட்ச் இரண்டு. ஒன்றை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பதிவு, விட்டால் நிற்கும். இன்னொன்றைத் தட்டினால் கடைசியாகப் பேசியது ஒலிக்கும். எது எதென்று விரலுக்குத் தெரிய, பதிவு சுவிட்சின் மேல் ஒரு புளியங்கொட்டையைத் தம்பி ஒட்டினான். சுவிட்சின் ஒரு முனை பலகையின் உள்ளீட்டுக் கம்பிக்கு, மறுமுனை தரைக்கு. அந்தக் கம்பிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பக்கத்திலேயே 5 வோல்ட் கம்பி இருக்கிறது, இடம் மாறிச் சொருகினால் பலகைக்குச் சங்குதான். சுவிட்சைக் கவனிக்கும் புரோகிராம் பைத்தானில் இருபது வரிகூட வராது. தம்பியே எழுதினான்.

மாலை ஐந்து மணிக்கு மானிட்டர், கீபோர்டைக் கழற்றினோம். பெட்டி தனியாக எழ வேண்டும். எழுந்தது, விளக்கு மினுக்கியது. சுவிட்சை அழுத்தினால் ஒன்றுமில்லை. தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

மறுபடி மானிட்டரை மாட்டிப் பார்த்ததில் இரண்டு காரணம் தெரிந்தது. இரண்டுமே இந்தப் பெட்டி செய்கிற எல்லோருக்கும் வரும். ஒன்று, சவுண்ட் கார்டுகளுக்குக் கம்ப்யூட்டர் 0, 1, 2 என்று எண் போடும். ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த வரிசை மாறலாம். நேற்று 2 ஆக இருந்த யுஎஸ்பி கார்டு இன்று 1. அதனால் புரோகிராமில் எண்ணைக் கொடுக்காமல் கார்டின் பெயரைக் கொடுக்க வேண்டும். இரண்டு, தானாக எழும் புரோகிராமை அவன் நிர்வாகி பெயரில் ஓடவிட்டிருந்தான். இப்போதைய மென்பொருளில் சத்தத்தைக் கவனிக்கும் பைப்வயர், சாதாரணப் பயனாளர் உள்ளே வந்த பிறகே அவருக்காக எழும். நிர்வாகிக்கு அது கதவு திறக்கவில்லை. சாதாரணப் பயனாளர் தானாக உள்ளே வரும்படி வைத்து, அவர் பெயரிலேயே புரோகிராமை எழுப்பியதும் வேலை செய்தது.

மிச்சம் இருந்தது கரன்ட். மலையில் காற்றடித்தால் கரன்ட் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றால் மெமரி கார்டு கெட்டு, அப்புறம் பெட்டி எழவே எழாது. ராஸ்பை-கான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் ஓவர்லே என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் மெமரி கார்டில் எதுவும் எழுதப்படாது, பூட்டு போட்ட மாதிரி. ஆயா பேசுவதை மட்டும் தனி பென் டிரைவில் எழுத வைத்தோம். பேச்சுக்குப் போதுமான தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 115 எம்பி. 32 ஜிபி பென் டிரைவில் 250 மணி நேரத்துக்கு மேல் பேசலாம்.

“அவ்வளவெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி” என்றார் ஆயா.

இருட்டுவதற்குள் நான் இறங்க வேண்டியிருந்தது. ஒரு டப்பாவில் மிளகு கொடுத்தார்கள். தம்பி மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் கோவை போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து அவனிடம் இருந்து ஒரு பதிவு வந்தது. ஊருக்குப் போனபோது பென் டிரைவில் 31 ஃபைல் இருந்ததாம். பாதியில் அம்மாவும் ஆயாவும் பேசிக்கொள்வதுதான் இருக்கிறது, சுவிட்சின் மேல் ஏதாவது சாய்ந்திருக்கும் என்றான். அவன் அனுப்பியது நாலு நிமிஷம். முதலில் மழைச் சத்தம். அப்புறம் ஆயா, யாரையோ எதிரில் உட்கார வைத்துச் சொல்கிற மாதிரி நிதானமாக, எந்தக் கதிரை விதைக்கென்று தனியாக அறுத்து வைப்பது, அமாவாசைக்கு அமாவாசை விதையை வெயிலில் காயவைப்பதை ஏன் விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போகிறார். நடுவில் ஒரு இடத்தில் மருமகளின் குரல்: “இருங்கத்தை, எத்தனை நாள் காயணும்னு சொன்னீங்க?”

அடுத்த வாரம், ஆன் ஆகாத அந்த போன்களைப் பார்க்கலாம்.